டோரீன் அக்கா இளைத்த வருஷம்

என் அக்கா டோரீன் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரம் கிடைக்கலை" என்று ஒரே பதில்தான். கோயிலில் நன்றாகப் பாடுவாள். வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பாள். வீட்டில் சீட்டு விளையாட்டில் தோற்றால் சீட்டைக் கலைத்துவிட்டு எழுந்து போவாள். அவளைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ உண்டு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவள் உடம்பு இளைத்த கதையை. சிரிக்காதீர்கள். அவள் இளைத்ததால்தான் நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். 1997 மழைக்காலத்தில் கால் வீங்கி ஷூ நுழையவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போவதால்தான் என்று நினைத்து ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கினேன். அவ்வளவு அறிவு எனக்கு. ரத்தக் கொதிப்பு உள்ளுக்குள் சத்தமில்லாமல் வேலை பார்த்து, இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு சின்ன பாட்டில்தான் ஒரு நாளைக்கு. நாக்கு ஒட்டிக்கொண்டு கிடப்பேன். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் கோபம் வரும்.

"இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது. ஆத்து மனுஷா யாராவது கிட்னி கொடுத்தா நல்லது" என்றார் டாக்டர் சீனிவாசராகவன். என் மனைவி பிலோமினாவின் ரத்த வகை பொருந்தவில்லை. அம்மா அப்பா போய் வருஷங்களாகிவிட்டன. மிச்சம் அக்காதான். "என்கிட்ட ரெண்டு இருக்குல்ல டாக்டர், ஒண்ணை எடுத்துக்கங்க" என்றாள், மழையில் நிற்கிறவனுக்குக் குடை கொடுப்பது போல.

எல்லாம் பொருந்தியது. பிறகு அவளை எடை மெஷினில் ஏற்றினார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ. அக்கா குள்ளம் வேறு.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கிட்னி நன்னா இருக்கும்மா. ஆனா இந்த வெயிட்ல உங்களை நான் ஆபரேஷன் மேஜையில ஏத்த மாட்டேன். மயக்க மருந்து கொடுக்கறதுலேயே ஆபத்து இருக்கு. பிரஷரும் சுகரும் விளிம்புல நிக்கறது. ஒண்ணைக் கொடுத்துட்டு, மிச்சம் ஒண்ணை வெச்சுண்டு நீங்க ரொம்ப வருஷம் இருக்கணுமோல்லியோ? எழுபத்தஞ்சுக்கு இறங்கி வாங்கோ. மெதுவா இறங்குங்கோ, எட்டு ஒன்பது மாசம் ஆனாலும் பரவாயில்லை."

அவருக்குப் பரவாயில்லை. எட்டு ஒன்பது மாசம் நான் இருப்பேனா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அக்காவுக்கும் அதே சந்தேகம். அதனால் 'மெதுவா' என்று அவர் சொன்னதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. எங்கள் ஆட்கள் தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பார்கள். ஒரு வேளைதான் சாப்பாடு. வழக்கமாகச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் இருந்தால் போதும். அக்கா நாற்பது நாளும் இருப்பதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். எடையும் குறையும், வேண்டுதலும் நிறைவேறும் என்று கணக்குப் போட்டாள். விறுவிறுவென்று இளைத்தாள். ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. நான் உள்ளூர சந்தோஷப்பட்டேன். பிலோமினா மட்டும், "அக்கா முகம் நல்லாவே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பதினாலு ஸ்தலத்தில் பாதிகூட தாண்டியிருக்காது. முழங்காலிட்டுவிட்டு எழுந்த அக்கா அப்படியே சரிந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "என்னம்மா பண்ணிண்டு வந்திருக்கேள்? கொழுப்பா கரைஞ்சிருக்கு? தசை கரைஞ்சிருக்கு. கிட்னி சரியா வேலை செய்யலேன்னு ரிசல்ட் சொல்றது. உடம்புல தண்ணியே இல்லை. தண்ணி குடிக்கறதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கைக்குட்டை எடுக்க அவள் கைப்பையைத் திறந்த பிலோமினா உள்ளேயிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். என்னுடையதைப் போலவே சின்ன பாட்டில். சாம்பல் புதனிலிருந்து, எனக்கு எவ்வளவு தண்ணீரோ அவளுக்கும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில், நாளெல்லாம் பிள்ளைகளோடு கத்துகிற டீச்சர்.

"தம்பி தாகத்தோட உக்காந்திருக்கான், நான் மட்டும் மடக்கு மடக்குன்னு குடிக்கணுமா?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எனக்குக் கொடுக்க வேண்டிய சிறுநீரகத்தை, என்மேல் வைத்த பிரியத்தாலேயே வாட்டி வைத்திருக்கிறாள். இதற்கு யாரைத் திட்டுவது? ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

அதைவிடக் கஷ்டம் அடுத்து வந்தது. டிரிப் ஏற்றி உடம்பு தேறிய பிறகும் சாப்பிட மாட்டேன் என்றாள். மாதாவுக்கு நேர்ந்ததை முறித்தால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். நான் சொல்லி, பிலோமினா கெஞ்சி, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பங்குச் சாமியாரை அழைத்து வந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"டோரீன், கிட்னி கொடுக்கிறதா தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் ஃபாதர்."

"அப்ப அது இனிமே அவன் சாமான். அவன் சாமானைப் பட்டினி போட உனக்கு யாரு ரைட்ஸ் குடுத்தா? நேர்ச்சையை நான் மாத்தித் தர்றேன். ஒழுங்கா சாப்பிடு. அதான் உனக்கு ஒருசந்தி. அது எவ்ளோ கஷ்டம்னு நீயே பாப்பே."

அக்கா பிலோமினாவிடம் கையை நீட்டி கஞ்சி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அந்தச் சாமியார் இப்போது எந்தப் பங்கில் இருக்கிறாரோ, நல்லா இருக்கட்டும்.

டாக்டர் உடனே மறுவாய்ப்புக் கொடுக்கவில்லை. முதலில் ரத்தம் சரியாகட்டும், அதற்குப் பிறகு பாகீரதி சொல்கிறபடி கேட்டால் பார்க்கலாம் என்றார். பாகீரதி அங்கே சாப்பாட்டு ஆலோசகர். மல்லேஸ்வரத்தில் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பாதிப் பேச்சு கன்னடம். அக்காவை எதிரே உட்காரவைத்து, நோன்பு தொடங்கும் முன்னால் ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"நான் கொஞ்சமாத்தான் மேடம் சாப்பிடுவேன். காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் சோறு, நைட் சப்பாத்தி."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்லை."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "எல்.கே.ஜி. பசங்க டிபன்ல மிச்சம் வெக்கிறதைக் கேளுங்க மேடம். கேக் ஆர்டருக்கு மாவு கலக்கும்போது ருசி பாக்கிறதைக் கேளுங்க" என்றேன்.

"அது சாப்பாடா? குப்பையில போட மனசு வரலை, வாயில போட்டேன்" என்றாள் அக்கா, என்னை முறைத்துக்கொண்டு.

பாகீரதி மேடம் சிரித்துவிட்டார். "உங்களுக்கு அது சாப்பாடு இல்லைம்மா. உங்க இடுப்புக்குச் சாப்பாடுதான். அது மட்டுமே ஒரு வேளைச் சோறு கணக்கு ஆய்த்து. ஸ்வல்ப கேளுங்க. உங்க உடம்பு நாளைக்கு ரெண்டாயிரம் கலோரி கேக்குதுன்னு வெச்சுக்கங்க. ஆயிரத்து ஐந்நூறு குடுங்க. மிச்சத்தைக் கொழுப்புலேருந்து எடுத்துக்கும். நோன்புல நீங்க பண்ண மாதிரி ரொம்பக் குறைச்சீங்கன்னா தசையைத் தின்னும், உங்களையும் சாய்க்கும். வாரத்துக்கு அரை கிலோ போதும். மூணு வேளையும் சாப்பிடணும். தண்ணி தாராளமா குடிக்கணும். நடக்கணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தட்டில் பாதி காய், ஒரு கரண்டி சோறு, பருப்பு, ஒரு முட்டையோ மீன் துண்டோ. என் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கத்தான் அவள் மிகவும் கஷ்டப்பட்டாள். முதல் வாரம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடித்தாள். "இங்க வந்து குடி, நான் பாக்கணும்" என்று அதட்டினேன். நிஜமாகவே, அவள் குடிப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடித்துப் போயிற்று.

காலையில் கோல்ஸ் பார்க்கில் நடை. புடவை, காலில் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு வாங்கிய வெள்ளை கான்வாஸ் ஷூ. முதலில் ஒரு சுற்று வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள், முழங்கால் கெஞ்சும். மசூதியில் தொழுகை முடித்து நடக்க வரும் மாஸ்க் ரோடு பெரியவர்கள் "தீரே தீரே, டீச்சர்" என்று, மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே கடந்து போவார்கள். சில மாசத்தில் அவர்களை இவள் கடந்து போனாள்.

நம்மவர்களிடம் ஒரு குணம். குண்டானவர் இளைத்தால் முகத்துக்கு நேரே "சுகரா?" என்பார்கள். ஒரு கல்யாண வரவேற்பில் ஆறேழு பேர் கேட்டுவிட்டார்கள். அக்கா கடைசி ஆளிடம், "இல்லை, கிட்னி" என்றாள். அந்தம்மா ஐஸ்கிரீம் கப்போடு பின்வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

எண்பதில் வந்து முள் நின்றுவிட்டது. ஒரு மாசம் அசையவில்லை. அதே சமயம் பார்த்து எனக்கு நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அக்கா கட்டிலோரம் நின்றாள். கண்ணில் பழைய யோசனை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

"டேய் அல்போன்ஸ், கொஞ்ச நாள் மட்டும் வேகமா இறக்கிடறேன்டா. ஒரு வேளை விட்டா போதும்."

எனக்குச் சாக பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு பயம். சரி என்று சொல்ல வாய் துடித்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "மெதுவா வாக்கா. நான் இருக்கேன்" என்றேன்.

அவள் பாகீரதி மேடத்திடம் போனாள். அவர் பதறவில்லை. உடம்பு சின்னதாகிவிட்டது, இப்போது அதற்குக் கொஞ்சம் குறைவாகவே போதும் என்று சோற்றில் அரைக் கரண்டி எடுத்தார், பருப்பைக் கூட்டினார், நடையில் ஏற்றமான தெருவையும் சேர்த்தார். இரண்டு வாரத்தில் முள் மறுபடி இறங்கத் தொடங்கியது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் ஆர்டர் எப்போதும் போல வந்தது. அக்கா மாவில் விரல் வைக்கவில்லை. எனக்கோ உலர்ந்த பழம் எதுவும் கூடாது. பாவம், ருசி பார்க்கும் பொறுப்பு முழுவதும் பிலோமினா தலையில் விழுந்தது. புத்தாண்டுக்குள் அவளுக்கு ரவிக்கை இறுகிவிட்டது.

ஜனவரி கடைசியில் அக்கா எழுபத்து நாலரை. பிரஷர் இறங்கியிருந்தது, சுகர் விளிம்பிலிருந்து உள்ளே வந்திருந்தது. டாக்டர் எல்லாக் காகிதத்தையும் இரண்டு தரம் புரட்டினார். "நீங்க தம்பிக்காக இளைச்சேள். உங்களுக்கே பெரிய வியாதி வராம தப்பிச்சிருக்கேள்" என்றார். எனக்கு அதைக் கேட்டபோதுதான் பாதி பாரம் இறங்கியது. அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள மட்டும் நான் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் பிப்ரவரியில். அப்போதெல்லாம் கொடுக்கிறவருக்கு விலாப்பக்கம் ஒரு சாண் நீளம் கிழித்துத்தான் எடுப்பார்கள். வாங்குகிறவனைவிட அவருக்குத்தான் வலி அதிகம். என்னைக் கண்ணாடி அறைக்குள் தனியாக வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை வெளியே ஏதோ சலசலப்பு. சக்கர நாற்காலிக்குக் காத்திருக்காமல் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள்; நர்ஸ் பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறாள். பழைய உடம்பாக இருந்தால் இன்னும் படுக்கையில்தான் இருந்திருப்பாள் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

டயாலிசிஸில் கிடந்த ஒன்றரை வருஷமும் எனக்குச் சிறுநீர் என்பதே இல்லாமல் போயிருந்தது. என் உடம்பு அந்த வேலையையே மறந்துவிட்டது. புதுச் சிறுநீரகம் பிடித்துக்கொண்டதா என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. மற்றவர்கள் எல்லோரும் நாசூக்காக "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் போனார்கள். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்து, வகுப்பில் சின்னப் பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"டேய் அல்போன்ஸ், ஒண்ணுக்குப் போனியா?"

கட்டிலோரம் தொங்கிய பையைக் குனிந்து கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். நர்ஸ் "வைங்க, வைங்க" என்று கத்தினாள். பை மஞ்சளாக, கனமாக, நிறைந்திருந்தது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விலாவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வெரிகுட்" என்றாள். "வெரிகுட், வெரிகுட்."