அப்பா சாகாத ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பா செத்துப்போனார். கொஞ்ச நேரம்தான். அதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

பதறாதீர்கள். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். நான் கொழும்பில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பயிற்சியில் இருப்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஜாவா ப்ரோக்ராமிங்கில் ஒரு சான்றிதழ் பரீட்சை. பாஸ் பண்ணினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கொழும்பிலேயே பரீட்சை நிலையம் இருக்கிறது. ஏ.சி. போட்டது. சமர்த்தாக அங்கே போய் எழுதியிருக்கலாம். ஆனால் நான் யார்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள்! "என் மக கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா" என்று அம்மா இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பார்? கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து அறையிலேயே, அம்மா வாசலில் காவல் இருக்க, ஆன்லைனில் எழுதியே தீருவேன் என்று நின்றேன்.

ஆன்லைன் பரீட்சை என்றால் எங்கோ ஒரு நாட்டில் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்து கேமரா வழியாக நம்மையே முறைத்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. சுவரில் படம் கூடாது. வெளிக்குரல் கூடாது. நாமும் வாய் திறக்கக் கூடாது. எழுந்தால் பரீட்சை ரத்து.

லயத்தில் நடக்கிற காரியமா இது? வரிசையாக ஒட்டிய வீடுகள். நடுச்சுவர் தகரக் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா மிளகாய் தாளித்தால் அப்பா தும்முவார். அவர் தும்மினால் தகரம் அதிரும். உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி அக்கா, "நூறு வயசு!" என்பார். ரொம்ப வருடமாக இப்படித்தான்.

முதல் நாளே அப்பா வீடு வீடாகப் போனார்.

"நாளைக்கு காலையில புள்ளைக்கு பரீட்ச. ரேடியோ, டீவி வேணாம். ஒரு வார்த்த பேசக் கூடாது. அடுப்பும் பத்த வைக்காதீங்க, பொக வந்தா இருமுவா."

"அது சரிண்ணே, எங்க சேவலுக்கு யாரு சொல்றது?" என்றார் செல்வி அக்கா.

"அத நான் பேசிக்கிறேன்."

பேச்சுவார்த்தை தோற்றிருக்க வேண்டும். ஞாயிறு காலை சேவல் ஒரு கூடைக்குள், கூடை ஒரு சாக்குக்குள்.

அறையைக் காலி செய்தோம். கட்டில் வாசலுக்குப் போனது. சாமி படங்களைக் கழற்றச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமியையே வெளிய வைக்கச் சொல்றானா? யார்டி அவன்?"

"சாமிகிட்ட கேட்டு எழுதிருவேன்னு பயப்படுறாங்கம்மா."

"அப்ப நம்ம சாமிக்கு கம்ப்யூட்டர் தெரியும்னு அவனே ஒத்துக்கிறான்!"

அந்தச் சமாதானத்தோடு படங்களை வாசல் பெஞ்சில் அடுக்கி, பனி படாமல் வெள்ளைத் துணியால் மூடினார். ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் ஆட்டோவை வளைவிலேயே மறிக்க அப்பா கிளம்பிப் போனார். நான் கதவைத் தாழிட்டேன். லயத்துச் சனம் முழுக்க அவரவர் வாசலில் கைகட்டி, மூச்சுவிடாமல் உட்கார்ந்துகொண்டது.

பாதிப் பரீட்சை பிரமாதமாகப் போனது.

இப்போது கொஞ்சம் வெளியே வாருங்கள். தோட்டத்தின் மேல் டிவிசனில் இருப்பதால் பரீட்சை விஷயமே தெரியாத என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அண்ணனுக்குக் கொல்லையில் பறித்த ஒரு பை லீக்ஸ் எடுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருகிறார். அவர் கண்ணில் என்ன படுகிறது? ஞாயிற்றுக்கிழமை... ஒரு அடுப்பிலும் புகை இல்லை. ரேடியோ இல்லை. கட்டில் வெளியே. சாமி படத்துக்கு மேல் துணி. ஊரே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது. அம்மா கன்னத்தில் கை. அண்ணனைக் காணோம்!

எங்கள் பக்கம் சாவு வீடு அச்சாக இப்படித்தான் இருக்கும். பரீட்சைக்காரர்களும் எங்கள் பாட்டன் பூட்டன்களும் எங்கே கூடிப் பேசி இந்த விதிமுறைகளை எழுதினார்களோ!

"அய்யோ... அண்ணே!"

லீக்ஸ் பை விழுந்தது.

'யாரும் சாகலை' என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். சொல்வார்களா? அப்பாவுக்கு வாக்குக் கொடுத்த சனம். எல்லோரும் உதட்டில் விரலை வைத்தார்கள். அம்மா பேசாமல் தாழிட்ட கதவைக் கைகாட்டினார். அத்தைக்கு என்ன புரியும்? உடம்பு உள்ளே இருக்கிறது!

கதவுக்கு வெளியே நெஞ்சில் அடிக்கிற சத்தம். "கூடப் பொறந்த ராசாவே... போன கெழம கூட லீக்ஸ் கேட்டியே... கொண்டாந்திருக்கேனே, எந்திரிச்சுப் பாருண்ணே!"

என் திரையில் அப்போது இருந்த கேள்வி: எதிர்பாராத தவறு நேர்ந்தால் ப்ரோக்ராம் நின்றுவிடாமல் ஓட என்ன செய்ய வேண்டும்?

சாட்டில் கண்காணிப்பாளர் வந்தார். "அழுகைச் சத்தம் கேட்கிறது. அறையில் யார்?"

தட்டினேன். "யாரும் இல்லை. வெளியே என் அத்தை. என் அப்பா இறந்துவிட்டதாக நினைக்கிறார்."

"இறந்துவிட்டாரா?"

'இல்லை' என்று தட்டப் போன விரல் நின்றுவிட்டது. எனக்கு எப்படித் தெரியும்? அப்பா ரோட்டில் அல்லவா நிற்கிறார்? அந்த வளைவில், நடுரோட்டில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு... யாராவது ஓடிவந்து அத்தையிடம் சொல்லியிருந்தால்? அத்தையின் ஒப்பாரியைக் கேட்டால் உயிரோடு இருக்கிறவருக்கே சந்தேகம் வந்துவிடும். எழுந்தால் வேலை போச்சு. எழாவிட்டால்... அப்பாவின் சாவுக்கு வெளியே போகாமல் நான்கு விடையில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த மகள் நான்.

போகட்டும் வேலை. நாற்காலியில் கையை ஊன்றினேன்.

"எழுந்தால் பரீட்சை ரத்தாகும்" என்று திரை சொன்னது.

சட்டென்று வெளியே ஒப்பாரி நின்றது. பாதி வரியில்.

"அண்ணே...? நீ சாகலையா?"

பதில் இல்லை. அப்பா திரும்பி வந்து அத்தைக்கு முன்னால் நின்றிருக்கிறார். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறுவாரா? அவரும் உதட்டில் விரல்!

"ஏன் பேச மாட்டேங்குற? பேயா, மனுசனா? வாயத் தொறண்ணே!"

அப்போதுதான் வாசலில் கிடந்த சேவல் சாக்கின் தூசி வேலை செய்தது. தகரம் அதிர ஒரு தும்மல். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தத் தும்மல் வராது.

செல்வி அக்காவின் வீட்டு வாசலிலிருந்து, தன்னை மறந்து ஒரு குரல்: "நூறு வயசு!"

கையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தேன். "இறக்கவில்லை. தும்மியது அவர்தான்" என்று தட்டினேன்.

கண்காணிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. "வாழ்த்துகள். தயவுசெய்து தொடருங்கள்."

தொடர்ந்தேன். கடைசிக் கேள்விக்குப் பிறகு திரையில் 'தேர்ச்சி' என்று வந்தது. கதவைத் திறந்தேன். மொத்த லயமும் என் வாயையே பார்த்தது.

"பாஸ்!"

அத்தனை ரேடியோவும் ஒரே நேரத்தில் அலறியது. சேவல் உட்பட. அம்மா சாமி படங்களைத் திறந்து, "நீங்க இல்லாமயே எழுதிட்டா பாத்தீங்களா!" என்று அவர்களிடமே பெருமையடித்துக்கொண்டார்.

அத்தை மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. நேராக மலை ஊற்று கொட்டும் பீலிக்குப் போய், ஐஸ் மாதிரி தண்ணீரில் தலைமுழுகினார்.

"யாரும் சாகலையே அத்த, எதுக்குக் குளிக்கிறீங்க?"

"அழுதுட்டேன்ல? குளிக்காம உள்ள வரலாமா?"

பற்கள் தந்தியடிக்க, ஈரத் தலையோடு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். "இங்க பாருண்ணே. ஒனக்கு அழ வேண்டியத நான் அழுதாச்சு. இனி நெசமாவே செத்தாலும் ரெண்டாவது தடவ அழ மாட்டேன்."

அப்பா சரியென்று தலையாட்டினார். வாயைத் திறக்கவில்லை... எதற்கு வம்பு?