முப்பது முறை முருகா

என் அக்கா மகள் நிலா நீச்சல் குளத்தின் அடியில் கிடந்தபோது, நான் பத்தடி தள்ளி நின்று நீச்சல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்பர்களே, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு, காலை பத்தரை மணி. கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளம். காட்டாங்குளத்தூரில் படிக்கும்போது நீச்சலும் முதலுதவியும் கற்று, சான்றிதழும் வாங்கியிருந்தேன். அந்த வேகத்தில் குடியிருப்புப் பெண்களுக்கு நானே வகுப்பு ஆரம்பித்துவிட்டேன்.

"மீனா, எனக்கு அறுபது வயசும்மா. நான் இறங்கினா தண்ணியெல்லாம் வெளிய வந்துடும்" என்றார் மூன்றாவது மாடி சரோஜா ஆன்ட்டி. எல்லாரும் சிரித்தார்கள். மிதப்பது எப்படி என்று நான் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கரையில் அக்கா நிலாவுக்கு இட்லி ஊட்டினாள். ஈரத்தில் இறுக்குகிறதே என்று, குழந்தையின் கையில் மாட்டியிருந்த காற்றுப் பட்டைகளைக் கழற்றிவிட்டாள். மிதக்க வைத்தது பட்டைதான் என்று ஆறு வயசுக்கு எப்படித் தெரியும்? தனக்கு நீச்சல் வந்துவிட்டதென்றே நினைத்திருக்கிறாள். அக்கா டப்பாவை மூடத் திரும்பினாள். தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்று அவள். அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்று நான்.

அதற்குள் நிலா தண்ணீரில் இறங்கிவிட்டாள். சத்தமே இல்லை. மூழ்குகிறவர்கள் கத்துவார்கள் என்று நினைக்கிறோம். நிலா கத்தவில்லை.

"ஏய், நிலா எங்கடி?" என்றாள் அக்கா.

குதித்தேன். தூக்கிக் கரையில் போட்டேன். உதடு நீலம். மூச்சு இல்லை. யாரோ நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள். எனக்குப் பயம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துவிட்டது. ஐந்து முறை வாயில் ஊதினேன். அடுத்து நெஞ்சை முப்பது முறை அழுத்த வேண்டும். பொம்மையை வைத்துப் பழகியதுதான். ஆனால் நாலுக்குப் பிறகு என்ன எண் என்று தெரியவில்லை. படித்த பெண் நான்.

தினமும் காலையில் விரல் கணுக்களை எண்ணி முருகன் பேரைச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். வாய் தானாகச் சொல்லியது. முருகா. ஓர் அழுத்து. முருகா. ஓர் அழுத்து. என் விரல்கள் குழந்தையின் நெஞ்சில் இருந்தன. எதிரே மண்டியிட்ட சரோஜா ஆன்ட்டி தன் விரல்களில் எண்ணினார்.

"முப்பது ஆச்சு, ஊதும்மா!"

மூன்றாவது சுற்றில் நிலா இருமினாள். தண்ணீர் வந்தது. இட்லி வந்தது. பிறகு அழுகை.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வாரக்கணக்கில் சோறு ருசிக்கவில்லை.

"நான்தான்டி பட்டையக் கழட்டினேன்" என்றாள் அக்கா.

"நான்தான்க்கா திரும்பி நின்னேன்."



வகுப்பு இப்போதும் நடக்கிறது. என் பேச்சுதான் குறைந்துவிட்டது. முறை வைத்து ஒருவர் கரையில் நிற்பார். போன் கிடையாது, அரட்டை கிடையாது, பார்ப்பது மட்டுமே வேலை. சின்னக் குழந்தை என்றால் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர். காது கேளாத ஒரு பெண்ணுக்குக் கைஜாடை. சரோஜா ஆன்ட்டிக்கு இடுப்பளவுத் தண்ணீர். நிலாவும் வருகிறாள்.

அன்றைக்கு நான் எதையும் வேண்டவில்லை. வேண்டத் தோன்றவில்லை. வெறும் பேரைச் சொன்னேன், அவன் கேட்டுக்கொண்டான். மரத்துப்போய் நிற்கும் நேரம் உங்களுக்கும் வரலாம். பக்தி பொங்கவில்லையே என்று கலங்காதீர்கள். பேரைச் சொல்லுங்கள். கையை மட்டும் நிறுத்தாதீர்கள்.