ராகு காலத்து லைன்

எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்ததே என் பலகாரத்தால்தான். காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்கு மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் இருக்கிற ஆச்சிமார் கூப்பிட்டுச் சொல்ல ஒரு நம்பர் வேண்டுமே என்று எழுதிப் போட்டு, வெகுகாலம் காத்திருந்து வாங்கினோம். மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். எனக்குக் கடை வாசல் அதுதான்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், என் மகன் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை ஒன்றில் கூட்டுச் சேர்ந்தான். மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். வெளிநாட்டிலிருந்து கல் கேட்பவர்களுக்கு அவள்தான் பதில் எழுதுவாள். முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போய் அனுப்பிக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டிலேயே இன்டர்நெட் வைத்தார்கள். டெலிபோன் கம்பியைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகுவாள். அது கீச்சென்று கத்தி, கரகரத்து, அப்புறம் அடங்கும். கம்பி அங்கே சொருகியிருக்கிற நேரமெல்லாம் என் போனில் மணி அடிக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் பொழுது சாய்ந்தபின் சென்னையிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார். அவர் வீட்டுக் கல்யாணம் எதுவும் என் பலகாரம் இல்லாமல் நடந்ததில்லை. இப்போது பேத்திக்குக் கல்யாணம்.

"காலையில நல்ல நேரம் பாத்துப் போட்டேன். கொய்ங் கொய்ங்குது. எனக்கு மனசுக்கு ஒப்பலை" என்றார். "இப்பப் பலகாரம் சொல்லக் கூப்பிடலை, இது வெறும் சேதிதான். வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல இன்னொரு தடவை போடுவேன். கெடைக்கலைன்னா நாட்டரசன்கோட்டைக்காரிக்குச் சொல்லிருவேன். கோவிச்சுக்கப்படாது."

நாட்டரசன்கோட்டைக்காரியின் சீடையை நான் தின்றிருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

மருமகள் பதறிப்போய், கம்ப்யூட்டர் விற்றவரை வரவழைத்தாள். அவர் உட்கார்ந்து, காபி குடித்து, நிதானமாக விளக்கினார். வீட்டுக்கு என்றால் இருக்கிற லைனே போதுமாம். தொழிலுக்கு என்றால் இரண்டாவது நம்பர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கிற தனி லைன் ஒன்றும் உண்டு, அது பேங்குக்கும் மில்லுக்கும் கட்டுபடியாகுமாம்.

"உங்களுக்கு வீட்டுக்கா, தொழிலுக்கா?" என்று கேட்டார்.

வீட்டின் முன்கட்டில் கல் மாதிரிகள் அடுக்கியிருந்தன. பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தது. இரண்டையும் காட்டினேன். "நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் ஓடுகையில் என் மணி அடிக்குமா என்று கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. அடிக்காது என்றார்.

அவர் போனபின் மருமகள், "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் தொடலை அத்தை, நீங்க வெசனப்படாதீக" என்றாள். ஆனால் கல் கேட்பவனுக்கும் அன்றாடம் பதில் போக வேண்டும். அதுவும் இந்த வீட்டுச் சோறுதானே. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் காலண்டர் தாளைக் கிழித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் ராகு காலம் போட்டிருக்கிற இடம் கண்ணுக்குப் பழக்கம். அப்போதுதான் தோன்றியது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்த ஆச்சி கல்யாணப் பலகாரம் சொல்வார்? அந்நேரம் போனைக் கையாலும் தொட மாட்டார்களே.

மருமகளைக் கூப்பிட்டு, அந்நேரத்தில் கம்பியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அப்ப என் தொழில் மட்டும் ராகு காலத்துல நடக்கணுமாக்கும்?" என்றாள்.

"வெள்ளைக்காரனுக்கு ஏது ராகு காலம்?" என்றேன். அவசரமான சேதி ஏதும் வந்தால் அடுத்த வீட்டு நம்பருக்குச் சொல்லச் சொல்லி உறவுக்காரர்களுக்கெல்லாம் தெரிவித்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை குளித்து, விளக்கேற்றி, போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். நல்ல நேரத்தில் முதல் மணிக்கே எடுத்தேன். ஆச்சி எல்லாவற்றையும் ஆற அமரச் சொன்னார். போனை வைத்தேன். பத்தரைக்கு ராகு காலம் பிறந்ததும் மருமகள் வந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், அதே ராகு காலத்தில், அவள் என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளையின் அக்கா, பலகார டின்னில் மருமகள் ஒட்டியனுப்பிய விலாசத்தைப் பார்த்து, சிங்கப்பூரிலிருந்து கம்ப்யூட்டரில் எழுதியிருந்தார். கல்யாணத்தில் தின்ற மனகோலம் வேண்டுமாம், அங்கே ஒரு விசேஷத்துக்கு.

இந்த நேரத்திலா வரவேண்டும்?

"இது போன் மாதிரி இல்ல அத்தை. உள்ள வந்து கெடக்கும். நாம எப்பப் பாக்குறமோ அப்பத்தான் கணக்கு" என்றாள்.

"அப்ப நான் இன்னும் பாக்கலை" என்றேன். "மூடிட்டுப் போனை மாட்டு. நல்ல நேரம் வந்ததும் தொறந்து, முதல்லேருந்து படி."

அப்படியே படித்தாள். அப்போதுதான் கேட்கிற மாதிரி நானும் கேட்டுக்கொண்டேன்.