இரண்டாம் முறை வந்த அறிக்கை

மென்பொருள் அலுவலகத்தில் அவரைப் பூட்டக்கா என்றே அழைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயனர்களின் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் தொடக்கூடிய இடம் எதைக் கண்டாலும் அவர் நிரலில் ஒரு பூட்டைப் போட்டுவிடுவார். உள்ளே போன கோரிக்கை வெளியே வரும்வரை மற்றவை வாசலில் காத்துக் கிடக்கும். வரிசை நீண்டது, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு அந்தப் பழக்கம் அவரை விட்டது, பெயர் விடவில்லை. தலை நரைக்கத் தொடங்கியபின் புதியவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "பொது காம்பொனென்ட்டுக்குக் கை இருக்கலாம், பை இருக்கக் கூடாது."

மருத்துவமனைகளின் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளின் கைபேசிக்கு அனுப்பும் இணையச் சேவையை அவர்கள் பராமரித்து வந்தார்கள். அந்தச் சேவையின் நடுவே இருந்த காம்பொனென்ட், அதாவது பொதுக் கூறு, சர்வர் விழிக்கும்போது ஒரே முறை பிறந்து, அது அணையும்வரை எல்லோருக்கும் ஊழியம் செய்யும். ஒரே நொடியில் நூறு பேர் வந்தாலும் நூறு பேருக்கும் அந்த ஒற்றை ஆள்தான். அப்படிப்பட்ட ஆள் ஒரு நோயாளியின் எண்ணைத் தன் பையில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொருவரின் எண் அந்த இடத்தில் வந்து விழலாம். அப்போது முதலாமவரின் பெயருக்குக் கீழே இரண்டாமவரின் முடிவு போய்ச் சேரும். பை கூடாது என்று பூட்டக்கா சொன்னதன் பொருள் இதுதான்.

கணவரைப் பிரிந்தபின் அவர் தம்பியின் வீட்டு மாடியறையில் வசித்தார். தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன், வாய் ஓயாதவன். அக்கா சமைத்தால் உப்பையும் பூட்டி வைத்துவிடுகிறாள் என்று மனைவியிடம் குறை சொல்வான். அவன் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியபோது அந்த வாயும் சற்று அடங்கியது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சில நாட்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அக்காவின் அலுவலகச் சேவை வழியாகவே கைபேசியில் செய்தி வந்தது: முடிவு இயல்பு, மறுபரிசோதனை தேவையில்லை. தம்பி மனைவி அடுப்பை அணைக்கவும் மறந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். பூட்டக்கா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் போன முதியவர் ஒருவருக்குக் கர்ப்பம் உறுதி என்று செய்தி போயிருந்தது. அலுவலகமே சிரித்தது. பேறுகால விடுப்பு அவருக்கும் உண்டா என்று யாரோ கேட்டார்கள். பூட்டக்காவும் சிரித்துக்கொண்டேதான் நிரலைத் திறந்தார்.

அந்தப் பொதுக் கூறுக்குள் ஒரு பை இருந்தது.

வைத்தவர் எதிர்மேசைக்காரர். நோயாளியின் எண்ணைப் படிக்குப் படி கைமாற்றிக்கொண்டே போவது அலுப்பாக இருந்ததால், கூறுக்குள்ளேயே ஓரிடத்தில் போட்டு வைத்திருந்தார். அந்த மாற்றத்தைப் படித்துப் பார்த்துச் சரி என்றவர் பூட்டக்கா. தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அனுமதி வாங்கிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றே படித்த மாற்றம் அது.

எத்தனையோ முறை சோதித்தேனே, ஒரு முறைகூடப் பிசகவில்லையே என்றார் எதிர்மேசைக்காரர்.

"தனியா உக்காந்து பட்டன அழுத்தினா எப்படிங்க பிசகும்? நீங்களும் நானும் சேர்ந்து அழுத்தணும்."

கற்பனை நோயாளிகள் இருவரை உருவாக்கி இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். சரியாகவே வந்தது, மறுபடியும் சரியாகவே வந்தது. பிறகு ஒரு முறை பூட்டக்காவின் திரையில், அவருடைய நோயாளியின் பெயருக்குக் கீழே மற்றவரின் முடிவு வந்து நின்றது.

"ஒரு பூட்டப் போட்டுரலாமாக்கா?" என்றார் எதிர்மேசைக்காரர். இந்த முறை அதில் கேலி இல்லை.

"வேணாம். மறுபடியும் வாசல்ல கூட்டம் நிக்கும். பையக் கிழிச்சுடுங்க."

கிழித்தார்கள். ஒவ்வொரு கோரிக்கையும் தன் எண்ணைத் தானே சுமந்து வந்து, வேலை முடிந்ததும் அதோடு மறைந்துபோகும்படி மாற்றினார்கள். சேர்ந்து அழுத்திச் சேர்ந்து அழுத்தி விரல் வலித்தது, ஆனால் பிறகு பிசகவில்லை. பை நுழைந்த நாளிலிருந்து போன முடிவுகள் அனைத்தையும் மீண்டும் அனுப்பும்படி மேலாளர் உத்தரவிட்டார். பொத்தான் பூட்டக்காவின் திரையில் இருந்தது.

நோயாளிகளின் முடிவைத் திறந்து பார்க்க அலுவலகத்தாருக்கு உரிமை இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே கணத்தில் மோதியவர்களின் முடிவுகள் மட்டுமே மாறியிருக்கும், அப்படி மோதியவர்கள் வெகு சிலர் என்பதுதான். தம்பி அந்தச் சிலரில் ஒருவனாக இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்? அவன் எண்ணை மட்டும் விலக்கிவிட்டு அனுப்பவும் முடியும். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கழுத்துக்குள் இருப்பது அதைக் கேட்டு நிற்காது. வீட்டுக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கைபேசியை எடுத்தார். என்னவென்று சொல்வது? வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

பக்கத்து மேசையில் யாரோ முதியவரின் கர்ப்பத்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது.

"அக்கா, உங்க ஆபீஸ்லேர்ந்து இன்னொண்ணு வந்திருக்கு. உடனே டாக்டரப் பாக்கச் சொல்லுது." தம்பி குரலைத் தாழ்த்தினான். "மொதல்ல வந்ததுதானே சரி?"

அவனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. அவன் மனைவிக்கு இன்னும் தெரியாது.

"இல்லடா. இப்ப வந்ததுதான்."

பாத்திர ஓசை நின்று, மீண்டும் தொடங்கியது.

"அப்ப அது யாரோடது?"

"வேற ஒருத்தரோடது."

"சரி," என்றான் தம்பி. "அந்தாளாவது நல்லா இருக்கான்ல."

வருகிறேன், அதுவரை அவளிடம் எதுவும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் பூட்டக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். எதிர்மேசைக்காரர் அடுத்த மாற்றத்தைப் படித்துப் பார்க்கும்படி திரையை அவர் பக்கம் திருப்பினார். பூட்டக்கா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து முடித்த பிறகே கிளம்பினார்.