செவுரு என்கிற என் மாமா

என் அக்காவுக்கு மாப்பிள்ளை விசாரிக்க அப்பா ஆவடியிலிருந்து பாடிக்குப் போன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. நான் அப்போது ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தேன். துணைக்கு வா என்று கூட்டிப்போனார். ஷிப்ட் விடும் நேரம் பார்த்துப் பையன் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேட்டுக்கு எதிரே போய் நின்றோம். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். வெளியே வந்தவர்களில் சாதுவாகத் தெரிந்த ஒருவரை ஓரமாக அழைத்துப் பையனின் பெயரைச் சொல்லி மெதுவாகக் கேட்டார். அந்த மனிதர் பதில் சொல்லாமல் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: “டேய், செவுருக்குப் பொண்ணு குடுக்க வந்துகீறாங்கடா!”

அடுத்த நிமிடம் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். அதற்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு கிரேன் ஆபரேட்டர், கனத்த குரல்காரர். அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு, “அண்ணாத்தே, செவுரு பீடிகூடத் தொட மாட்டாரு. அவுரு நின்னா ஒரு பய தாண்டிப் பந்த எடுத்துகினு போவ முடியாது. கண்ண மூடிகினு பொண்ணக் குடு” என்றார். பந்துக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு தனிமனிதனுக்கு இத்தனை பேர் சாட்சி சொல்லி அவர் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடமே கல்யாணம் முடிந்தது.

மாமா அந்தத் தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் சுவர்மாதிரி நின்று எதிரிகளைத் தடுக்கிறவர்; அதனால்தான் செவுரு. கூலிக்கு மூட்டை இறக்க வந்த இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெறுங்காலோடு பந்து உதைத்ததைப் பார்த்து ஒரு ஃபோர்மேன் அவரை அணியில் சேர்த்து, பூட்ஸ் வாங்கித் தந்து, பிறகு வேலையையும் நிரந்தரம் ஆக்கினாராம். அன்றிலிருந்து அணியின் சிவப்புச் சட்டைதான். படிப்பு முடிந்து நானும் அங்கேயே ஃபிட்டராகச் சேர்ந்தபின் அவர் ஆட்டங்களில் ஒன்றைக்கூட விட்டதில்லை. மைதானத்தின் ஒரு பக்கம் முழுவதும் எங்கள் ஆட்கள் எண்ணெய்க் கறை போகாத காக்கியோடு உட்கார்ந்திருப்போம். கழித்துப் போட்ட இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து தட்டுவார்கள். பந்து எங்கள் பக்கம் வரும்போது கிரேன்காரர் எழுந்து நின்று, “செவுரு கீது, பயப்படாத!” என்று குரல் கொடுப்பார். தகடுகள் அதிரும். மாமா ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை. எதிரி எங்கே வருவானோ அங்கே முன்கூட்டியே போய் நிற்பார். வருகிறவன் அவரைப் பார்த்ததும் தானாகவே ஒதுங்குவான். ஒதுங்குகிற அந்தக் கணத்தில் பந்து இவர் காலில் இருக்கும். ஆறு நாளும் சூப்பர்வைசரிடம் தலைகுனிந்து நிற்கிற மனிதர்களுக்கு அதைப் பார்ப்பதில் என்ன கிடைத்தது என்று நான் விளக்கவேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில், நகரத்தின் பெரிய வங்கி ஒன்று தன் அணிக்கு அவரைக் கேட்டது. அதிகாரி ஒருவர் கள்ளிக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கே வந்தார். வங்கி வேலை, ஓய்வுக்குப் பின் பென்ஷன். அக்கா அப்போது மாசமாக இருந்தாள். காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா யோசிக்கக்கூட இல்லை. “எனக்கு பூட்ஸ் போட்டு உட்டவங்கள உட்டுட்டு எப்டி சார் வர்றது?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் செய்தி தொழிற்சாலைக்குள் பரவியது. மாலையில் மேளத்தோடு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அக்கா ஆரத்தி எடுத்தாள். எல்லோரும் போனபின் என்னிடம் மட்டும், “ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?” என்றாள். 

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை நாங்கள் வேலைக்குப் போனபோது கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. கொஞ்ச நாளில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம். பந்தல் கீற்று காய்ந்து உதிரும்வரை திறக்கவில்லை. உள்ளேயிருந்த எந்திரங்கள் லாரிகளில் ஏறி எங்கோ போயின. அணி கலைந்தது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் ஒட்டிக்கொண்டேன். அக்கா துணி ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய் நாளெல்லாம் நின்றபடி நூல் பிசிறு வெட்டினாள். மாமாவுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. யாரும் வேலை தரவில்லை.

அக்காதான் வழி தேடினாள். எஸ்டேட்டில் வேறொரு கம்பெனிக்குக் கால்பந்து அணி இருந்தது. தன் சூப்பர்வைசரைப் பிடித்து, அவர் மூலம் அந்த அணியின் பொறுப்பாளரைப் பார்த்து, அவளே போய்ப் பேசினாள். இரண்டு சீசன் ஆடட்டும், பிறகு ஸ்டோரில் நிரந்தரமாகப் போடுகிறோம் என்றார்கள். மாமாவுக்கு அப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று அவருக்கும் தெரியும். சரி என்றார். அக்கா அவர்கள் கொடுத்த நீலச் சட்டையை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன்.

முதல் ஆட்டத்தன்று எங்கள் பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவரைத் திட்டப்போகிறார்கள் என்று பயந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. வழக்கமான பக்கத்தில் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். வேலையில்லாமல் கன்னம் ஒட்டிப்போன முகங்கள். நீலச் சட்டையில் மாமா இறங்கியதும் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். தகடு இல்லை, குரல் இல்லை. சாலையில் போகும் லாரிகளின் சத்தம் அவ்வளவு தெளிவாக அந்த மைதானத்தில் அதற்குமுன் கேட்டதில்லை. கிரேன்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருமுறை பந்து மாமாவை நோக்கி வந்தபோது பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

இடைவேளையில் மாமா சட்டையைக் கழற்றினார். உதறி, மடித்து, பொறுப்பாளர் கையில் கொடுத்தார்.

“என்னப்பா, கால் பிடிச்சுக்கிச்சா?”

“இல்ல சார். என்னால முடில. மன்னிச்சுக்கோங்க.”

அவ்வளவுதான். வெற்றுடம்போடு கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். அப்போது எழும்பிய கூச்சலை எப்படிச் சொல்வது? பூட்டிய கேட்டைத் திறந்துவிட்டால்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள். பாய்ந்து வந்து தூக்கிக்கொண்டார்கள். பெரிய ஆண்கள் அழுதார்கள். மாமாவும் அழுதார். “எறக்கி உடுங்கடா, டேய், எறக்கி உடுங்கடா” என்று அவர் கெஞ்சியது என் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைச் சந்தோஷம் என்றார்.

தூக்கிக்கொண்டே கள்ளிக்குப்பம் வந்தார்கள். கூட்டம் அவரைச் சுமந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்த அக்கா, அடிபட்டுவிட்டது என்று நினைத்துச் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். கிரேன்காரர் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

“கால் ஒடைஞ்சு தூக்கிட்டு வர்றீங்கன்னு நினைச்சேன்” என்றாள். “ஒடைஞ்சிருந்தாலாவது பாவம் பார்த்து வேலை குடுத்திருப்பாங்க.”

“தங்கச்சி, அப்டிச் சொல்லாத. அவுரு எங்க சொத்தும்மா.”

“சொத்துன்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. என் வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க.”

கதவைச் சாத்திக்கொண்டாள். கூட்டம் கொஞ்சநேரம் நின்றுவிட்டுக் கலைந்தது. மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு பாடியில் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை தூக்கப் போனார். முழங்கால் ஏற்கெனவே கெட்டிருந்தது. அந்த வழியாகப் போகிற பழைய ரசிகர்களுக்கு அவர் முதுகில் மூட்டையைப் பார்க்கப் பொறுக்காது. “செவுரா மூட்ட தூக்கறது?” என்று ஓடிவந்து வாங்கித் தாங்களே சுமப்பார்கள். ஷெட் முதலாளி சில வாரம் பார்த்தார். “இன்னா நைனா, இது ஷெட்டா, ரசிகர் மன்றமா?” என்று கேட்டு நிறுத்திவிட்டார். யாரும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. மாலையானால் யாராவது ஒருவர் அவரைச் பிராந்திக் கடைக்குக் கூட்டிப்போய், தன் செலவில் ஒரு கிளாஸ் வைத்து, இடைவேளையில் சட்டையைக் கழற்றிய கதையைச் சொல்லச் சொல்வார். முதலில் சொல்வதற்காகக் குடித்தார். பிறகு குடிப்பதற்காகச் சொன்னார். கடைசி வருடங்களில் அவர் அக்காவோடு பேசிய பேச்சை எழுத எனக்குக் கை வரவில்லை.

வயிறு வீங்கி மஞ்சள் பூத்து அரசு மருத்துவமனையில் கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு மதியம் கண்ணைத் திறந்து, “மச்சான், அன்னிக்கு அவங்க என்னைத் திட்டிக்கினு இருந்தா ஆடி முட்ச்சிருப்பேன்டா. ஒருத்தனும் திட்டல. சும்மா பாத்துகினு குந்திகினு இருந்தானுங்க” என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அந்த வாரமே போய்விட்டார்.

சாவுக்கு வந்த கூட்டத்தில் தெரு அடைத்துக்கொண்டது. கிரேன்காரர் எங்கிருந்தோ பழைய சிவப்புச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, உடம்புக்குப் போடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். “போடுங்க” என்றாள். “அதையும் சேர்த்தே எரிச்சிடுங்க.”

இப்போது தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அக்கா தன் மகளோடு அயனம்பாக்கத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு நடுவயதுக்காரர், தன் அப்பா சொன்னது என்று பக்கத்து இலைக்காரரிடம் மாமாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதில் மாமா ஒரு கோலும் போட்டிருந்தார். சொல்லிமுடித்து எங்களைப் பார்த்து, “நீங்க அந்தப் பக்கமா? அவரைத் தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாதுங்க” என்றாள் அக்கா. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் வந்தோம். ஏரிக்கரையோரம் வரும்போது, “நான் ஒரு நாள்கூட அவர் ஆடிப் பார்த்ததில்லை” என்றாள். “அப்படி என்னதான்டா பண்ணுவாரு?”

“பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாருக்கா. போய் நிப்பாரு. வர்றவன் தானா விலகிப் போயிடுவான்.”

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

“வீட்லயும் அப்படித்தான் நின்னாரு” என்றாள்.