கீழ்த்தளத்தில் ஒரு புத்தகம்

லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ரத்தத்தில் நோய், எலும்பு மஜ்ஜையையே மாற்றப் போகிறார்கள். ஆறு வாரம் தனி அறை. காகிதப் புத்தகம் கிருமியைக் கொண்டுவரும், உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். துடைத்து எடுத்துப்போகிற மாதிரி, திரையில் புத்தகம் படிக்கிற இ-ரீடர் கருவி என்றால் பரவாயில்லையாம்.

கடையில் விற்பனைப் பெண்ணைப் படுத்தி எடுத்துவிட்டார். சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்று இணையம் இல்லாமல் அசையாது. இன்னொன்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொட்டும். கடைசியில், ஃபோல்டர்களை அப்படியே ஏற்றுக்கொள்கிற ஒன்றை எடுத்தார். கம்ப்யூட்டரில் கிடந்ததோ ஆறாயிரத்துச் சொச்சம் புத்தகம், பல வருஷமாகக் கண்டவர் பென்டிரைவிலிருந்தெல்லாம் அள்ளிப்போட்டது. ஒரே நாவல் மூன்று பெயரில் இருந்தது. பெயரே இல்லாமல் வெறும் எண்ணாகவும் பல கிடந்தன.

எழுத்தாளர் வாரியாகவோ, கதை கட்டுரை என்றோ பிரிப்பதுதானே உலக வழக்கம்? இவர் மாடி மாடியாகப் பிரித்தார். முதல் வாரத்துக்கு ஆறாம் மாடி, அடுத்த வாரத்துக்கு ஐந்தாம் மாடி, இப்படியே இறங்கி வந்து கடைசியில் கீழ்த்தளம். அது வீடு. தட்டில் சாப்பாடு ஆறியது. கூப்பிட்டால் காதில் விழவில்லை. கை ஓயாமல் இருந்தால் பயம் கிட்டே வராது என்று நினைத்தார். வந்துகொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து புதுக் கருவியை வாங்கிப் பார்த்தாள். ஆறாம் மாடியில் முதலில் இருந்தது, ஐந்து பாகமுள்ள ஒரு பெரிய நாவலின் கடைசிப் பாகம். முதல் நான்கு பாகங்களையும் அவள் துணி தேய்க்கும்போது அவர்தான் உரக்கப் படித்துக் காட்டியிருந்தார். மிச்சம் இது ஒன்றுதான்.

"இத என்னை விட்டுட்டு நீங்க மட்டும் படிக்கப் போறீங்களா?"

அவர் முகம் தொங்கிப்போனது. "முடிவு தெரியாமலே போயிட்டேன்னா?" என்றார்.

தான் அழுதால் அவர் உடைந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். திரையைப் பார்த்தபடியே கீழ்த்தளத்தைத் திறந்தாள். காலி. ஆறாயிரம் புத்தகத்தில் வீட்டுக்கென்று ஒன்றுகூட வைக்கவில்லை மனிதர். அவளுக்குக் கோபம் வந்தது.

"எந்த பில்டிங்ல வேலை பாத்தாலும் லிஃப்ட்ட கீழ கொண்டுவந்து நிறுத்திட்டுத்தானே வெளிய வருவீங்க? பசியோ மழையோ, ஒரு நாளும் நடுவுல விட்டுட்டு வந்ததில்லையே."

"அது லிஃப்ட்."

"இதையும் அப்படியே கொண்டுவாங்க. அஞ்சாம் பாகம் கீழ இருக்கட்டும். எனக்கும்தான் முடிவு தெரியாது. நீங்க வர்றவரைக்கும் நானா படிக்க மாட்டேன்."

அவர் கருவியை வாங்கினார். விரல் தவறியதில் புத்தகம் முதலில் நான்காம் மாடிக்குப் போனது, பிறகு இரண்டாம் மாடிக்கு. பொறுமையாக இறக்கிக் கீழ்த்தளத்தில் வைத்தார். அவள் எழுந்து, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சட்டைகளைத் தேய்க்கப் போனாள்.

"நாலாம் பாகம் எந்த இடத்துல முடிஞ்சுதுன்னு மறந்துடாத" என்றார் அவர்.