தலையை விடுங்கம்மா

எண்பதுகளின் தொடக்கம். என் மகளுக்கு ஏழு வயது. அவள் கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். என்ன நோய் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் வயிற்றில் பூச்சி என்று மருந்து ஊற்றினார். கோல சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில், "வளர்ந்தா சரியாயிரும் லா," என்றார்கள். எதிர்வீட்டு அக்கா திருஷ்டி என்று சூடம் சுற்றினாள். ஆளுக்கொரு பேச்சு!

போதாக்குறைக்கு இவள் யாரைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். பெரியவர்களை முறைக்கிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கப் புகார். "நேரா பாருடி" என்று எத்தனை முறை குட்டியிருப்பேன்!

கடைசியில் பஸ் மாறி மாறிக் கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் கண் டாக்டரிடம் போனோம். அவர் சுவரில் எழுத்துகளைக் காட்டியதும், வழக்கம்போல அவள் தலையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தேன். அவளால் இரண்டாவது வரியைக்கூடப் படிக்க முடியவில்லை.

"தலையை விடுங்கம்மா," என்றார் டாக்டர்.

விட்டேன். முகம் இடப்பக்கம் திரும்பியது. கண்ணாட்டம் அடங்கியது. ஐந்து வரி கடகடவென்று படித்தாள்.

"இதுக்குப் பேரு நிஸ்டாக்மஸ். பிறவியிலேயே வந்தது. இப்படித் திரும்பினாத்தான் அவளுக்குக் கண்ணு நிக்குது. அவளாவே கண்டுபிடிச்சிருக்கா."

திரும்பி வரும்போது, பஸ்ஸில் என்னைப் பார்க்க முகத்தைத் திருப்பியவள் சட்டென்று தானே நேராக்கிக்கொண்டாள்.

"திருப்பிக்கோம்மா," என்றேன்.

என் கையையே பார்த்தபடி இருந்தாள். தோட்டம் வந்து சேரும்வரை திருப்பவே இல்லை.